தரம் ஐந்து முடிந்த பிள்ளைக்கு என்ன புத்தகம்?

"அக்கா, மகனுக்குப் பத்து வயசு, என்ன புத்தகம் வாங்கிக் குடுக்கலாம்?"

வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கும், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கிழமை என்றால் இன்னும் கூடுதலாக வரும். பத்து வயசு என்று மட்டும் சொன்னால் சட்டை வாங்கலாம், புத்தகம் வாங்க முடியாது. அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: கடைசியாக அவன் தானாக எடுத்து முடித்தது என்ன, அது ஒரு சித்திரக்கதையாக இருந்தாலும் சரி. சாப்பிடும்போது எதைப் பற்றி ஓயாமல் கதைப்பான்? படுக்கும்போது இன்னும் யாராவது அவனுக்குக் கதை சொல்கிறீர்களா? பெரும்பாலும் வருகிற பதில், "அவன் ஒண்டும் வாசிக்கிறானில்லை அக்கா, எந்த நேரமும் போனோடதான்." அப்படிச் சொல்லப்பட்ட பெடியன்களில் ஒருவன் எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு, துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்களின் கொடியைப் பார்த்து எந்த நாடு என்று கண்டுபிடிப்பது எப்படி என எனக்குப் பாடம் எடுத்தான். அவன் அதையெல்லாம் எங்கேயோ வாசித்துத்தானே அறிந்திருக்கிறான். வீட்டில் வாங்கிக் கொடுத்த புத்தகங்கள்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

விறாந்தை என்று சொன்னேன். திருகோணமலையில், உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், சிலது திரும்பி வரும், சிலது வராது. பெரிய சேவை ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் புத்தகத்தின் மூலை மடிந்து அழுக்காகிறது, எது வாங்கிய நாள் மாதிரியே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் நிறைய விளங்கும். கீழே எழுதுவதெல்லாம் அதை வைத்துத்தான்.

ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை என்று வைத்துக்கொள்வோம், பள்ளிக்கூடக் கணக்கில் தரம் 4 முதல் 7 வரை. எழுத்துக் கூட்டுகிற கஷ்டம் முடிந்து, வாசித்ததை வைத்து யோசிக்கத் தொடங்குகிற வயது இது. நம் நாட்டில் சரியாக அந்த இடத்தில்தான் தரம் 5 பரீட்சை வந்து நிற்கிறது. அதற்கு முன் ஒன்றரை இரண்டு வருடம் பிள்ளை வாசிப்பதெல்லாம் மாதிரி வினாத்தாள் மட்டும்தான், ஒரு பந்தியை வாசித்தால் அதன் கீழே ஐந்து கேள்வி இருக்கும் என்று மனம் பழகிவிடுகிறது. பரீட்சை முடிந்து பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது படப் புத்தகம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும், வீட்டில் அம்மா வைத்திருக்கும் சரித்திர நாவலோ ஐந்து பாகம். நடுவில் கடையில் கிடைப்பது நீதிக்கதைகளும் பொது அறிவுக் கேள்வி பதிலும். அப்புறம் தரம் 6, ரியூசன், முடிந்தது.

தமிழில் இந்த வயதுக்குப் புத்தகம் எழுதுகிறவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்றே பால சாகித்திய புரஸ்கார் கொடுத்து வருகிறது. 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்று நாவல்களுக்கே கிடைத்திருக்கிறது. முதலாவது கீழடியைக் களமாக வைத்தது. எழுதுகிறார்கள், அச்சாகிறது, எங்கள் திருமலை வரைக்கும் வந்து சேர்வதுதான் பிரச்சினை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, கையில் ஒரு புத்தகம் இருக்கிறது, இது நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கதையில் முடிவெடுப்பது யார்?

நம் சிறுவர் புத்தகங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் போகும். ஒரு பையன் அம்மா சொல் கேட்கமாட்டான், கிணற்றடிக்குப் போவான், விழுவான், பக்கத்து வீட்டு மாமா தூக்கி எடுப்பார், கடைசிப் பக்கத்தில் தாத்தா வந்து "பார்த்தாயா தம்பி" என்று தொடங்குவார். இந்தக் கதையில் பையனுக்கு வேலையே இல்லை. விழுவதற்கு மட்டும்தான் அவன் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது முதல் பக்கத்திலேயே விளங்கிவிடும், பெரியவர்களுக்குத்தான் விளங்காது. அதே கிணற்றை வேறு மாதிரி எழுதலாம். கிணற்றுக்குள் ஒரு பூனைக்குட்டி விழுந்துகிடக்கிறது, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை, கயிறு இருக்கிறது, வாளி இருக்கிறது, தங்கச்சியும் இருக்கிறாள், தங்கச்சிக்குக் கிணறு என்றால் பயம். இப்போது என்ன செய்வது? இந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, அது செய்கிற முடிவுக்கு நல்லதோ கெட்டதோ ஒரு விளைவைக் கொடுத்து, அதோடு அதை வாழவிடுகிற எழுத்தாளர்தான் எனக்கு வேண்டும். அந்த முடிவு பிழையாகக்கூட இருக்கட்டும். தாத்தா வராமல் இருந்தால் போதும்.

அதனால் கடையில் ஒரு புத்தகத்தை எடுத்தால் நான் பின் அட்டையை வாசிப்பதில்லை. அங்கே "சிறுவர்களுக்கு நல்லொழுக்கத்தைப் போதிக்கும்" என்று இருந்தாலும், அதை எழுதியவரைக் கேட்காமல் பதிப்பகத்தார் போட்டிருக்கலாம். நேரே கடைசி இரண்டு பக்கம். ஆம், முடிவை வாசித்துவிடுவேன், எனக்குத்தானே தெரியப்போகிறது, பிள்ளைக்கு இல்லையே. அங்கே பெரியவர் ஒருவர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு நடுவில் எங்காவது திறந்து ஒரு பக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்ப்பேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

இந்த முணுமுணுப்பு ஏன் என்றால், தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் பிள்ளைக்குக் கடினம் என்று ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒரு விரல் கணக்கு சொல்வார்கள். தமிழில் அது அவ்வளவாக உதவாது. பிள்ளை தடக்குப்படுவது தெரியாத சொல்லில் இல்லை, தெரிந்த நாலு சொல்லை ஒட்டிப் புணர்த்தி ஒரே சொல்லாக அச்சடித்திருக்கும் இடத்தில்தான். அதோடு பழைய மொழிபெயர்ப்புகளில் ஒரு வாக்கியம் பந்தி முழுக்க ஓடும், போய், வந்து, பார்த்து, நினைத்து என்று எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போய் வினைமுற்று வரும்போது யார் போனார் என்றே மறந்திருக்கும். எனக்கே மூச்சு வாங்கினால் தரம் 5 பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. உரையாடல் நிறைய உள்ள பக்கங்களில் அவர்கள் சறுக்கிக்கொண்டு போவார்கள். அதனால் திறந்த பக்கத்தில் யாராவது யாரோடாவது கதைக்கிறார்களா என்றும் பார்ப்பேன்.

அச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்து பாடப் புத்தகத்தை விடச் சிறிதாக இருந்தால் வேண்டாம். அட்டையில் குண்டுக் கன்னத்தோடு இரண்டு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல கதை இருந்தாலும் தரம் 6 பெடியன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் போக மாட்டான். இணையத்தில் எடுத்து ஒட்டிய படங்களை விடப் படமே இல்லாதது மேல். இன்னொன்று, பின் அடித்த மெல்லிய புத்தகங்கள் நம் ஊர் உப்புக் காற்றுக்குத் தாங்காது. ஒரு மாரி போனால் பின் துருப்பிடித்து நடுத்தாள் பழுப்பாகிக் கழன்றுவிடும். வாங்கிய உடனேயே பின்னைக் கழற்றிவிட்டு ஊசி நூலால் தைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

"இந்தியத் தமிழ் எங்கட பிள்ளைகளுக்கு விளங்குமா?" என்றும் கேட்கிறார்கள். விளங்கும். டிவியில் சென்னைத் தமிழில் பேசுகிற கார்ட்டூன்களை மணிக்கணக்கில் பார்க்கிற பிள்ளைக்கு, புத்தகத்தில் அதே தமிழ் வந்தால் மட்டும் விளங்காமல் போகுமா? "எட்டாங்கிளாஸ்" என்று வந்தால் நம்முடைய தரம் 8 என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள். எனக்கு இதில் இருக்கிற கவலை வேறு. கதையில் வருகிற பிள்ளைகளின் பெயர்கள் எப்போதும் ஒரே வகையாக இருப்பது. எங்கள் அலுமாரிக்கு கிண்ணியாவிலிருந்து வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், உம்மாவோடு பாலத்தைக் கடந்து பஸ்ஸில் வருவார்கள். அவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் எடுக்கிற தமிழ்ப் புத்தகத்தில் தங்கள் பெயரோ, நோன்புக் கஞ்சியோ, மதரசாவோ வருவது மிகக் குறைவு, வந்தாலும் பெருநாளன்று பிரியாணி கொடுக்கிற நல்ல நண்பனாக ஒரு பக்கம் வந்து போய்விடுவார்கள். வாங்கும்போது இதையும் பார்க்கத் தொடங்கினேன். கிடைப்பது குறைவுதான், ஆனால் தேடினால் கிடைக்காமல் இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: சுருக்கப்பட்ட உலக இலக்கியம். நம் வீடுகளில் பெற்றோர் துணிந்து வாங்குவது இவற்றைத்தான், பெயர் பெரிது, பக்கம் குறைவு, "கிளாசிக்" என்று சொல்லிக்கொள்ளலாம். ரொபின்சன் குருசோவை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் தனியே மாட்டிக்கொண்டவனின் கதை, 1719இல் டானியல் டிஃபோ எழுதியது. அந்தக் கதைக்கும் நமக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது, அதைச் சொன்னால் மூதூர்ப் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். 1659 கடைசியில் புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காக மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கப்டனும், அவருடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்ஸும், இன்னும் சிலரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். கப்டன் ஒரு புளியமரத்தடியில் இருந்தபோது பிடித்தார்கள் என்று மகன் எழுதியிருக்கிறார். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்துபோனார். மகன் ஏறக்குறைய இருபது வருடம் கண்டி நாட்டு ஊர்களில் தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் பிழைத்து, 1679இல் காட்டு வழியே தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அந்த அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார். டிஃபோ அந்தப் புத்தகத்தை அறிந்தவர், 1720இல் வந்த தன் இன்னொரு நாவலில் நொக்ஸின் கதையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார். குருசோவை எழுதவும் நொக்ஸின் புத்தகம் உதவியிருக்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தத் தொடுப்பைச் சொல்லிவிட்டுக் குருசோவின் சுருக்கத்தைக் கொடுத்தால் பிள்ளை ஆசையாகத் திறக்கும், திறந்து பத்து நிமிடத்தில் மூடிவிடும், ஏனென்றால் சந்தையில் இருக்கும் சுருக்கங்களில் நிறைய, கதையை எழுதாமல் கதைச் சுருக்கத்தை எழுதியிருக்கின்றன. "அவன் ஒரு வீடு கட்டினான். பிறகு ஆடு வளர்த்தான். பல வருடங்கள் கழிந்தன." அந்த வீட்டை எப்படிக் கட்டினான் என்பதுதானே கதை! உடைந்த கப்பலுக்கு நீந்திப் போய் என்னென்ன எடுத்து வந்தான், எதை விட்டுவிட்டு வந்தான், மண் சட்டி செய்யப் பார்த்து எத்தனை தரம் வெடித்தது, அதுதான் பத்து வயதுக்கு வேண்டும். நல்ல சுருக்கம் என்றால் சம்பவங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, எடுத்துக்கொண்ட சம்பவத்தை முழுசாகச் சொல்லியிருக்கும். ஒரு பக்கத்தில் எத்தனை வருடம் ஓடுகிறது என்று பாருங்கள், வருடங்கள் பறந்தால் வைத்துவிடுங்கள்.

சுருக்கங்களில் இன்னொன்றும் காணாமல் போகும். குருசோவின் கப்பல் உடைந்தபோது அவன் போய்க்கொண்டிருந்தது ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவர. பிள்ளைகள் பதிப்பில் அது "வியாபாரப் பயணம்" ஆகிவிடும். தீவில் தான் காப்பாற்றிய ஆளுக்கு வெள்ளி (Friday, வெள்ளிக்கிழமை) என்ற பெயரைக் குருசோவே வைத்து, "எசமான்" என்று கூப்பிடவும் அவனே கற்றுக்கொடுப்பது மட்டும் அழகான நட்பு மாதிரி இருக்கும். தரம் 7 பிள்ளையோடு இதைக் கதைக்கலாம், அந்த ஆளுக்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கும்தானே என்று ஒரு பிள்ளை கேட்டது எனக்கு நல்ல ஞாபகம். இதற்காகப் புத்தகத்தை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துயரமான புத்தகங்கள் பற்றி. இதில் எனக்கும் என் சினேகிதிகளுக்கும் எப்போதும் வாக்குவாதம்தான். "பிள்ளைக்கு ஏன் சாவுக் கதை?" என்பார்கள். நாங்கள் இருக்கிற ஊரில் இது லேசான கேள்வி இல்லை. 2004 மார்கழி 26 சுனாமியை மறக்காத வீடுகள் திருக்கடலூரிலிருந்து குச்சவெளி வரை கடற்கரை முழுக்க இருக்கின்றன, அதற்கு முன்னும் பின்னும் யுத்தத்தில் ஆளை இழந்த வீடுகள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. இப்போது பத்து வயதாக இருக்கிற பிள்ளை இரண்டுக்கும் பிறகு பிறந்தது. ஆனால் சுவரில் மாலை போட்ட படம் யாருடையது என்று அதற்குத் தெரியும், அதைப் பற்றிக் கேட்டால் அம்மம்மாவின் குரல் மாறும் என்பதும் தெரியும். சாவு என்றால் என்ன என்று அறியாத பிள்ளை என்று யாரை நினைக்கிறோம்?

நான் பார்ப்பது, துயரம் வருகிறதா என்பதை அல்ல, வந்த பிறகு கதையில் அந்தப் பிள்ளையோடு யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகியின் 'டோட்டோ சான்' நல்ல உதாரணம். 1981இல் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் இன்னொரு பள்ளிக்குப் போகிறாள், முதல் நாளே தலைமையாசிரியர் அவள் பேசி முடியும் வரை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதில் போலியோ வந்த தோழன் இறந்துபோகிறான், கடைசியில் குண்டுவீச்சில் அந்தப் பள்ளியே எரிகிறது. உண்மையில் நடந்ததும்கூட. ஆனாலும் அதை வாசித்து முடித்த பிள்ளைகள் எனக்கு வந்து சொன்னது ரயில் பெட்டி பற்றியும், கழிப்பறைக் குழிக்குள் பேர்ஸைத் தேடிய கதையைப் பற்றியும்தான். துயரத்தைத் தாங்க வேறு நிறைய இருக்கிறது அந்தப் புத்தகத்தில். அத்தியாயங்களும் இரண்டு மூன்று பக்கம்தான், மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு அத்தியாயம் முடித்தேன் என்று சொல்லக்கூடிய அளவு.

அதே நேரம், கடல் ஒரு ஆளை எடுத்துக்கொண்டு போகிற கதையை, அப்படி நடந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. முதலில் நான் வாசிப்பேன், பிறகு தாயிடம் ஒரு வார்த்தை சொல்வேன். சில தாய்மார் வேண்டாம் என்பார்கள், சிலர் தாங்களும் சேர்ந்து வாசிப்பதாகச் சொல்வார்கள். அதற்கு மேல் எனக்கு அதில் உரிமை இல்லை.

கதையே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு, அதில் ஒரு பிழையும் இல்லை. தகவல் புத்தகம் தேடுங்கள். ஆனால் "1000 பொது அறிவு வினா விடை" தகவல் புத்தகம் இல்லை, அது பரீட்சையின் தம்பி. உலகின் மிகப் பெரிய விலங்கு எது, நீலத்திமிங்கிலம், அடுத்த கேள்வி. அதே நீலத்திமிங்கிலம் நம்முடைய நிலாவெளிக் கடலுக்கு அப்பால் வந்து போகிறது, அது ஏன் இந்தப் பக்கம் வருகிறது, இவ்வளவு பெரிய உடம்பு இறால் போன்ற சின்னஞ்சிறு பிராணிகளைத் தின்றே எப்படி வாழ்கிறது, கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே நம் கடல் ஏன் அவ்வளவு ஆழமாகிறது என்று ஒரு கேள்வியிலிருந்து அடுத்த கேள்விக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் புத்தகம். இங்கே வளர்கிற பிள்ளைக்கு இப்படி எத்தனை நூல் பிடிக்கலாம். சீனக்குடாவில் நிற்கிற பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு 1942 சித்திரை 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருமலையில் குண்டு போட்ட கதையிலிருந்து தொடங்கி இரண்டாம் உலக யுத்தத்துக்கே போகலாம், அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். கோணேசர் கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்த்துப் பயந்த பிள்ளைக்கு, 1956இல் அறிவியல் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய சினேகிதரும் அந்தப் பாறைக்குக் கீழே கடலில் மூழ்கிக் கோயில் தூண்களைக் கண்ட கதையைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நாள் சுழியோடுவது எப்படி என்று கேட்டு வரும். கப்பல் கொடிப் பெடியனை வாசிக்க வைத்ததும் கதை இல்லை, கப்பல்தான்.

சித்திரக்கதை வாசிப்பா என்று கேட்பவர்களுக்கு: வாசிப்புத்தான். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியபோதும் பெரியவர்கள் இதையேதான் கேட்டிருப்பார்கள். அந்த மாயாவியை வாசித்தவர்கள்தான் இன்று தங்கள் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை வேண்டாம் என்கிறார்கள். சிரிப்புப் புத்தகமும் அப்படித்தான், இரண்டு கையாலும் வாங்குங்கள். ஆனால் "நாங்கள் வாசித்த அம்புலிமாமாவை இவன் வாசிக்கிறானில்லை" என்ற கவலையை மட்டும் விட்டுவிடுங்கள். அது உங்கள் சின்ன வயது. ஆசை என்றால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், விக்கிரமாதித்தனும் வேதாளமும் காதால் கேட்க இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பத்து வயதிலும் வாசித்துக் காட்டலாமா? கட்டாயம். பிள்ளை தானாக வாசிக்கக்கூடியதை விட ஒரு படி கடினமான புத்தகத்தைக் காதால் தாராளமாகப் பின்தொடரும். முதல் மூன்று அத்தியாயத்தை நீங்கள் வாசித்து, சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, "எனக்கு அடுப்பில வேலை இருக்கு" என்று எழும்பிப் போய்விடுங்கள். புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுத்தான்.

எங்கே வாங்குவது? இங்கே புத்தகக்கடை என்று பெயர் போட்ட இடங்களில் பெரும்பாலும் கொப்பி, பேனை, கடந்தகால வினாத்தாள், அதற்குப் பின்னால் ஒரு தட்டில் சிறுவர் புத்தகம். அந்தத் தட்டிலும் சிலவேளை நல்லது மாட்டும், குனிந்து கீழ் வரிசையைப் பாருங்கள். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது பட்டியல் கொடுத்துவிட்டால் வெள்ளவத்தைப் பக்கம் வாங்கி வருவார்கள், புரட்டாதி மாதம் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கிற புத்தகக் கண்காட்சிக்குப் போனால் தமிழ்க் கடைகள் குறைவு என்றாலும் ஒரே இடத்தில் பார்க்கலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தியப் புத்தகத்தின் விலை கையைச் சுடுகிறது. அதனால் நாலு வீடு சேர்ந்து ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றிக்கொள்வதுதான் புத்தி. பொது நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே ஒரு அங்கத்துவ அட்டை எடுத்துக் கொடுங்கள், தன் பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளைகள் வைத்திருக்கிற விதமே வேறு.

இணையத்தில் இலவசமாக வேண்டும் என்றால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்புப் படிகளாக இருக்கின்றன, இறக்கி அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒன்பது வயதுக்கு நாலாம் படி சரி, ஆனால் பன்னிரண்டு வயதுக்கு அந்தக் கதைகள் காணாது, குட்டையாக இருக்கும். 2005இலிருந்து இயங்குகிற நூலகம் தளத்தில் நம் நாட்டில் வந்த பழைய சிறுவர் புத்தகங்களும் சஞ்சிகைகளும் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. பெரியவர்கள் உள்ளே போய்த் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும், பிள்ளையை நேரே அனுப்பினால் களைத்துவிடும். மெதுவாக வாசிக்கிற தரம் 6, 7 பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கவனம்: மெல்லிய புத்தகம் கொடுங்கள், ஆனால் சின்னப்பிள்ளைப் புத்தகம் கொடுக்காதீர்கள். விஷயம் அவர்களின் வயதுக்கு, வாக்கியம் மட்டும் இலகுவாக.

கொடுத்த பிறகு செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது, "என்ன படிச்சாய், சொல்லு பாப்பம்" என்று கேட்பது. வினாத்தாள் திரும்பி வந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கும். பிடிக்கவில்லை என்று இருபதாம் பக்கத்தில் மூடி வைத்தால் விட்டுவிடுங்கள், நாங்கள் எத்தனை புத்தகத்தை அப்படி மூடியிருக்கிறோம். எங்கள் அலுமாரியில் ஒரு பிள்ளை புத்தகம் எடுத்தால் நான் கேட்பது எப்போது கொண்டுவருவாய் என்று மட்டும்தான்.

"இவ்வளவு நீளமாக வேண்டாம் அக்கா, ஒரு பெயர் சொல்லுங்கோ" என்பவர்களுக்கு, பரீட்சை முடிந்து களைத்துப்போன பத்து, பதினொரு வயதுப் பிள்ளை என்றால் என் பதில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'. 1947இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. உபாலியும் ஜின்னாவும் ஊரில் செய்யாத குழப்படி இல்லை, கடைசியில் ஊரை விட்டு ஓடி ஆளில்லாத ஒரு சின்னத் தீவைத் துப்புரவாக்கிப் பயிர் செய்து வாழத் தொடங்குகிறார்கள். எந்தத் தாத்தாவும் வந்து பேச மாட்டார். நம் நாட்டுக் களப்பு, நம் நாட்டு மரம், நம் நாட்டுப் பேய்ப் பயம். என்னுடைய பிரதி பாலையூற்றில் ஒரு வீட்டுக்குப் போய் இன்னும் வரவில்லை. அந்த வீட்டார் இதை வாசித்தால், அவசரமில்லை, முடித்துவிட்டே அனுப்புங்கள், ஆனால் இங்கே இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.